கிடா வாங்கப் போன இன்னாசிமுத்து சார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி அடித்தது. பீரோப் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம் பேசினார். பக்கத்து வண்டி ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்: "அண்ணே... எவர்சில்வர்... விடியக்கால தவறிட்டாருண்ணே." அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

திண்டுக்கல் கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அடடா, நல்ல மனிதராயிற்றே என்று கலங்கி, அவர் மகனுக்கு ஆறுதல் சொல்ல வீட்டு எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் அண்ணாச்சியே.

"சொல்லுங்க சண்முகம்," என்றார் கணீரென்று.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உடம்பு எப்படி இருக்குன்னு..."

"இப்பத்தான் இட்லி சாப்ட்டேன். நல்லாருக்கேன். ஏன், யாரும் எதுவும் சொன்னாங்களா?"

உளறிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் சுருக்கென்றது. திண்டுக்கல்லில் 'எவர்சில்வர் சார்' என்று இன்னொருவர் உண்டு. நான் அவரை ஒருநாளும் அந்தப் பட்டப்பெயரில் அழைத்ததில்லை. எனக்கு அவர் எப்போதும் இன்னாசிமுத்து சார். அழவேண்டிய நேரத்தில் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணாச்சியிடம் நான் உளறிய கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரிடம்தான் இனிச் சொல்ல முடியாது. வண்டி நகர்ந்ததும் கண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே அழுத என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த இருக்கை அம்மாள் கூடையோடு தள்ளி உட்கார்ந்தார்.

இன்னாசிமுத்து அவர்கள் நில அளவையர். நானும் அதே வேலையில் அவருக்கு இளையவனாகச் சேர்ந்தவன். என்னை அவர் 'அப்பு' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து அளந்தது நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அண்ணன் தம்பி இருவருக்குள் வழக்கு. அளந்து பார்த்தால் எல்லைக்கோடு நட்டநடு மரத்துக்குள் நுழைந்து போனது. தேங்காய் யாருக்கு என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். சார் நிதானமாக மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கத்துக்காரருக்கு. காத்து எந்தப் பக்கமா அடிக்குதுங்கிறதுக்கு எங்க டிபார்ட்மெண்டு பொறுப்பில்ல," என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று மதியம் அண்ணன் வீட்டில் சோறு, தம்பி வீட்டில் வெஞ்சனம்.

அளப்பதில் இருந்த அந்தத் துல்லியம் கடைக்குப் போனால் வேறு உருவம் எடுக்கும். ஒரு பொருளை அவர் வாங்குவதைப் பார்ப்பது தனி அனுபவம். மின்விசிறி வாங்கப் போனவர், கடையில் தொங்கிய ஒவ்வொரு விசிறிக்கும் கீழே நாற்காலி போடச் சொல்லி, கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றின் கீழ் தூங்கியும் விட்டார். கடைக்காரர் அதைத்தான் கட்டிக்கொடுக்கப் போனார். "இதுல தூக்கம் வருது. எனக்கு வேண்டியது தினசரிப் பேப்பர் படிக்கிறதுக்கு," என்று மறுத்துவிட்டு வேறொன்றை வாங்கினார். கடைக்காரர் அதன்பிறகு அவர் தெருவில் வருவதைக் கண்டாலே கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவர் மனைவி ரெஜினா டீச்சர். பள்ளியில் கணக்கு நடத்தியவர். சாரும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மாதா கோயில் பாடகர் குழுவை வெகுகாலம் நடத்தியவர் டீச்சர். அந்தக் குழுவில் கிடார் வாசித்தவர் சார். சாயங்காலம் குளித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து, அதே பழைய மரக் கிடாரில் ஞானப்பாட்டுகளையும், கோயிலில் வாசிக்க முடியாத சினிமாப் பாட்டுகளையும் கலந்து வாசிப்பார். டீச்சர் அடுக்களையில் இருப்பார். நான் டீ குடிக்கப் போனால் இரண்டு பேர் குரலும் அந்தக் கிடார் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

சார் ஓய்வுபெற்று சில வருடம் ஆனபின்தான் டீச்சருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, டீச்சரைத் தவிர. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இந்த ஊருக்காரங்கதான் வரவர வாய்க்குள்ளயே பேசுறாங்க," என்பார். டாக்டர் ஒருவர் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னபோது, அவருக்கு உச்சரிப்புச் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் சாருக்கு அந்த ஆசை பிடித்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உடம்பு முழுக்க உலோகத்தால் ஆன கிடார். பளபளவென்று, நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்ட மூடி.

"இது என்ன சார், இடியாப்பத் தட்டா?"

"ரெசனேட்டர் கிடார், அப்பு. மைக் வராத காலத்துல கண்டுபிடிச்சது. அந்த மூடிக்குள்ள அலுமினியத்துல மெல்லிசா ஒரு கூம்பு இருக்கும். கம்பி அதிர்ந்தா அந்தக் கூம்பு அதிரும். ஸ்பீக்கர் மாதிரி, ஆனா கரண்டு வேணாம். ஒரு ஆட்டக்கூட்டம் மொத்தமும் ஆடிக்கிட்டு இருந்தாலும் இது மட்டும் தனியாக் கேக்குமாம்."

"நம்ம வீட்டுல யார் சார் ஆடப் போறா?"

"வாங்கணும்," என்றார் அவ்வளவுதான்.

திண்டுக்கல் இசைக்கருவிக் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்ட வராது சார். பாத்திரக்கடையில கேட்டுப் பாருங்க," என்றார் கேலியாக. சார் கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளாத மனிதர். நேரே போய் அந்த எவர்சில்வர் அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி சளைக்காமல், "எத்தனை லிட்டர் வேணும்?" என்றார். அன்றிலிருந்து சாருக்கு 'எவர்சில்வர் சார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. டீக்கடைப் பக்கம் போனால், "சார், அதுல ஒரு ஈடு இட்லி அவிக்கலாமா?" என்று கேட்பார்கள். "அவிக்கலாம். ஆனா சுருதி சேக்கணும்," என்பார் முகம் மாறாமல்.

செய்தி பட்டறை ஆரோக்கியத்தை எட்டியது. "சார், பீரோ பண்றோம், லாக்கர் பண்றோம். கிடார் என்ன பெரிய விஷயம்? நான் பண்ணித் தாரேன்," என்று படத்தை வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்து இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பீரோத் தகட்டில் அடித்து, பீரோச் சாம்பல் வண்ணம் பூசி, கழுத்துக்கு இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் பண்ணியிருந்தார். தட்டினால் பீரோக் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. பின்பக்கம் ஒரு சின்னக் கதவும் அதற்கு ஒரு பூட்டும் இருந்தன.

"இது எதுக்கு ஆரோக்கியம்?"

"உள்ள எடம் சும்மாத்தான கெடக்கு சார். நகைநட்டு வச்சுக்கலாம்."

சார் அவர் மனம் நோக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கை வேலை அபாரம்," என்று தோளைத் தட்டினார். ரெஜினா டீச்சர் அதில் ரேஷன் அட்டையை வைத்துப் பூட்டினார். இன்றைக்கும் அந்த வீட்டு ரேஷன் அட்டை அதற்குள்தான் இருக்கிறது.

வழி திறந்தது என் மச்சான் தங்கவேல் மூலம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். சாரைப் பற்றி நான் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிக்காமல் கேட்டார்: "ஏனுங்க மாமா, நடுவுல ஓட்டை ஓட்டையா மூடி போட்டதுங்களா? திருச்சூர்ல நாங்க லோடு எறக்குற எடத்துக்குப் பின்னால ஒரு ஊட்டுல பழைய வாத்தியமெல்லாம் விக்கிறாருங்க. அங்க தொங்குதுங்க. நான் இத்தன நாளா அதைய என்னமோ எண்ணெய்ச் சட்டின்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

அடுத்த லோடிலேயே கிளம்புவது என்று முடிவாயிற்று. சாரைக் கூட்டிப்போக நான் வீட்டுக்குப் போனேன். அவர் அடுக்களை வாசலில் நின்று, "டீச்சர், கிடார் வாங்கக் கேரளா வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றார்.

டீச்சர் கரண்டியோடு திரும்பினார். "கிடாவா? கிடா வாங்க எதுக்குக் கேரளாவுக்குப் போறீங்க? அய்யலூர் சந்தையில இல்லாத கிடாவா?"

நான் வாயைத் திறந்தேன். சார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "அங்க நல்ல சாதிக் கிடா இருக்காம் டீச்சர்," என்றார் உரக்க.

"எளசாப் பாத்து வாங்குங்க. பல்லைப் பிடிச்சுப் பாருங்க. ஃபேன் வாங்குன மாதிரி ஒவ்வொரு ஆட்டுக்கும் பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டு இருக்காதீங்க."

தெருவுக்கு வந்ததும் கேட்டேன்: "ஏன் சார், கிடார்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, உனக்குக் காது கேக்கலைன்னு சொன்ன மாதிரி ஆயிரும்ல அப்பு. கிடான்னே இருக்கட்டும்."

லாரியில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றியிருந்தார்கள். முன்னறையில் நாங்கள் மூவர். பழனி தாண்டும்வரை தங்கவேலுவுக்குச் சார் கிடார் பாடம் நடத்தினார்: உடம்பு இரும்பென்றால் சத்தம் கூர்மை, பித்தளையென்றால் உருண்டை, உள்ளே கூம்பு நசுங்கியிருந்தால் வண்டு ரீங்கரிப்பது போல ஓர் ஒலி வரும், அதை வாங்கக்கூடாது, கழுத்து வளைந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே சேர்க்கக்கூடாது. தங்கவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பழைய லாரி வாங்கறதும் இதே மாதிரித்தானுங்க சார்," என்றார். சாருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

காலையில் திருச்சூர் போய்ச் சேர்ந்தோம். லோடு இறக்கப் போன தங்கவேல், வழியில் எங்களை வர்கீஸ் என்பவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முன்கூடம் முழுக்க வயலினும் ஆர்மோனியமுமாக இருந்தது. சுவரில் ஒன்றல்ல, இரண்டு உலோகக் கிடார்கள் தொங்கின. ஒன்று இரும்பு, முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னியது. மற்றது பித்தளை, மேலே பூசிய நிக்கல், கை படும் இடத்தில் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது.

"ரெண்டும் என் தம்பி கொண்டு வந்தது. அவன் கப்பலில் ஜோலி பார்த்தவன்," என்றார் வர்கீஸ், தமிழும் மலையாளமும் கலந்து. "பார்க்க இது நல்லது. இதை எடுத்தோளூ," என்று மின்னுவதைக் காட்டினார்.

சார் ஆரம்பித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கிடாரின் கழுத்து வழியாக, நிலம் அளக்கும் தியோடலைட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தார். எல்லைக்கல்லைத் தேடுகிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் கழுத்தில் குறுக்கே பதித்த ஒவ்வொரு கட்டையிலும் அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டிலும் வண்டுச் சத்தம் இல்லை. வர்கீஸ் சிரித்த முகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சார் சட்டைப்பையிலிருந்து பஞ்சு எடுக்கும்வரை.

பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்தார். அதற்குமேல் துண்டால் தலையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டார். "அப்பு, நான் உள்ள போறேன். நீ ரெண்டையும் மாத்தி மாத்தித் தட்டு," என்று உத்தரவிட்டுவிட்டு, வர்கீஸிடம் கையால் அனுமதி கேட்டு நேரே அவர்கள் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார். அங்கே வர்கீஸின் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். தலையில் முண்டாசோடு அடுக்களை மூலையில் வந்து கண்ணை மூடி நிற்கும் அந்நியரைப் பார்த்து அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கம்பிகளின்மேல் கையை இழுத்தேன். உள்ளேயிருந்து, "அடுத்தது!" என்று ஒரு கத்தல். மாற்றினேன். "திருப்பியும்!" மாற்றினேன். "அம்மா, மிக்சி இருக்கா? போடுங்க!" அந்த அம்மாள் பயந்தே போய்த் தேங்காயை அள்ளிப் போட்டு மிக்சியை ஓடவிட்டார். "குழாயையும் தொறந்து விடுங்க!" குழாயும் திறந்தது. நான் முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டேயிருந்தேன்.

வர்கீஸ் என் காதோரம் குனிந்தார். "ஆளுக்கு... எதாவது பிரச்சனை உண்டோ?"

"கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

சார் வெளியே வந்தார். முண்டாசை அவிழ்த்து, பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பித்தளைக் கிடாரைத் தொட்டார். "இது. அது கிட்ட இருந்து கேட்டா நல்லாத்தான் இருக்கு. ஆனா மிக்சி ஓடுனா மிக்சியோடயே கலந்து போயிருது. இது கலக்கலை. தனியா வருது."

"சாரே," என்றார் வர்கீஸ், "கிடார் வாங்க வந்தவர் நிறையப் பேரைப் பார்த்தாச்சு. மிக்சி போட்டுப் பார்த்தவர் நீங்கதான். எதுக்கு?"

சார் முண்டாசுத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"எங்க வீட்டு டீச்சருக்குக் காது போய்க்கிட்டு இருக்குங்க. அவுக அதை ஒத்துக்கிற மாட்டாக. மெஷின் வைன்னு சொன்னா அவுகளுக்குச் சோறு எறங்காது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் வாசிச்சா அடுக்களையில இருந்தே தப்புச் சொல்லுவாக. இங்க இழுக்குது, அங்க சுருதி சேரலை, இது பாட்டா ஒப்பாரியான்னு. அவுக சொல்லாத நாளே கெடையாது. இப்பக் கொஞ்ச காலமா ஒண்ணுமே சொல்றதில்ல. மொதல்ல நான் என்ன நெனச்சேன்னா, பரவாயில்லையே, நாம நல்லா வாசிக்க ஆரம்பிச்சுட்டோம்னு." அவரே சிரித்துக்கொண்டார். "அப்புறம் ஒரு நாள் வேணும்னே கண்ணாபின்னான்னு வாசிச்சுப் பாத்தேன். அடுக்களையில சத்தமே இல்ல. அவுக பாட்டுக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தாக. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு எறங்கலைங்க."

"ஒரு ஆம்பிளிஃபையர் வச்சா போதுமே சாரே?"

"வச்சா, யாருக்காக வச்சேன்னு அவுகளுக்கு வெளங்கிருமே. இதுன்னா, கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு திட்டிட்டு விட்டுருவாக. திட்டட்டும்."

ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான். அடுக்களையில் மிக்சி எப்போதோ நின்றிருந்தது. வர்கீஸின் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு விலையைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. வர்கீஸ் தன் தம்பியின் பழைய பெட்டியைத் தேடியெடுத்துத் தூசி தட்டி அதற்குள் கிடாரை வைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் எங்களைத் தோசை சாப்பிடாமல் அனுப்பவில்லை. சந்தனம் போல இழைந்த அப்படியொரு சட்னியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. சோதனை முடியும்வரை மிக்சி ஓடிக்கொண்டேயிருந்தது அல்லவா?

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். காலிப் பெட்டிகளுக்கு முன்னால் மடியில் ஒரு கறுப்புப் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த சாரைக் காவலருக்குப் பிடிக்கவில்லை. திறக்கச் சொன்னார். வெயிலில் பித்தளை மின்னியது. "என்னய்யா இது?" என்றார். "கிடா," என்றார் சார் பழக்கதோஷத்தில். அப்புறம் வாசித்துக் காட்டித்தான் கிளம்ப வேண்டியதாயிற்று. சார் ஒரு ஞானப்பாட்டை எடுக்க, காவலர் சினிமாப் பாட்டு கேட்டார். பின்னால் வரிசையாக நின்ற லாரிக்காரர்கள் இறங்கிவந்து கேட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்டது. சார் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நின்றவரிடம் ஆள் அனுப்பி, கேட்கிறதா என்று விசாரிக்கவும் செய்தார்.

வீட்டு வாசலில் போய் இறங்கினால், கொய்யா மரத்தில் புதுக்கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு அகத்திக்கீரை, ஒரு வாளித் தண்ணீர். வீட்டுக்குள்ளிருந்து மசாலா அரைத்த வாசனை தெருவரை வந்தது. கறியில் பங்கு வாங்கத் தூக்குச்சட்டியோடு ஆரோக்கியம் வந்து உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் லாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கிடா எங்க?"

சார் பெட்டியைத் திறந்து காட்டினார். டீச்சர் அதைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"கிடார்தான வாங்கப் போனீங்க? வாங்கிட்டு வந்துட்டீங்க. அப்புறம் என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"

ஆரோக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப இந்தக் கயிறு டீச்சர்?"

"துணி காயப்போட."

"அகத்திக்கீரை?"

"பொரியல் பண்ண."

"கறி மசாலா வாசம் வருதே?"

"உருளைக்கிழங்குல போடுவேன். ஒனக்கு வேணும்னா உக்காரு, இல்லைன்னா தூக்குச்சட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு," என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுக்களைக்குள் போய்விட்டார்.

நாங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம். சார் சுருதி சேர்த்தார். உள்ளே குழாய் ஓடுகிற சத்தமும் பாத்திரம் உருளுகிற சத்தமும் கேட்டன. பாடகர் குழுவில் டீச்சர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த ஒரு பழைய பாட்டை எடுத்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி முடிகிறபோது உள்ளே குழாய் நின்றது.

"மூணாவது வரியில தப்பு!" அடுக்களையிலிருந்து டீச்சரின் குரல். "அங்க ஏத்தக்கூடாது. எறக்கணும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

சார் அப்படியே கிடாரின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியம் பதறிப்போய், "இதுக்குப் போயி மனசு ஒடையாதீங்க சார், டீச்சர் எப்பவும் அப்படித்தான," என்றார். சார் முகத்தை நிமிர்த்தி, "தப்புதான், டீச்சர்! திருத்திக்கிறேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை, மகன் பிறந்த செய்தி கேட்ட தகப்பன்கள் உட்பட.

அன்றிலிருந்து அந்த மூன்றாவது வரியை அவர் இறக்கித்தான் வாசித்தார். கோயிலிலும் அப்படியே. புதிதாகப் பாடகர் குழுவை எடுத்து நடத்தியவர், "சார், இது பாட்டுல இப்படி இல்லையே," என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். "இல்லாட்டி என்ன? டீச்சர் சொல்லிட்டாக," என்று முடித்துவிட்டார். அந்தக் கிடார் சத்தத்தை மீறி யாரும் மேலே ஏற்றிப் பாட முடியவில்லை. ஆறேழு வருடத்தில் மொத்தக் கோயிலும் இறங்கப் பழகிவிட்டது.

கடைசிவரை சார் நடமாட்டமாகத்தான் இருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் வாசித்திருக்கிறார்; டீச்சர் திட்டியிருக்கிறார்; சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கப் பூசையில் பாடகர் குழு அந்தப் பாட்டைத்தான் பாடியது. மூன்றாவது வரியில் கோயில் மொத்தமும் இறங்கியது. கிடார் இல்லாமலே இறங்கியது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, சொல்லிக்கொண்டு போகலாம் என்று டீச்சரிடம் போனேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். காது கேளாதவர்கள் ரகசியம் பேசினாலும் உரக்கத்தான் பேசுவார்கள். அவர் சொன்னது முன்னறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"சண்முகம், ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. எனக்குக் காது போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதை என் வாயால சொல்ல மனசு வரலை, அம்புட்டுத்தான். நீங்க அந்தக் கிடாரைக் கொண்டாந்த அன்னைக்கு, அடுக்களையில நிக்கிறேன். ஏதோ ஒரு சத்தம் வருது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரு வாசிக்கிற சத்தம் வருது. ஆனா என்ன பாட்டு, எந்த எடம், ஒண்ணும் வெளங்கலை. இந்த மனுஷன் நமக்காக லாரியில ஏறி அங்குட்டுப் போயி இதைத் தூக்கிட்டு வந்திருக்காரே, சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் குத்துமதிப்பா மூணாவது வரி தப்புன்னு சொன்னேன்."

பாடகர் குழுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுல இருந்து தெனமும் ஏதாச்சும் ஒண்ணு தப்புன்னு சொல்லுவேன். தெனமும் சந்தோஷமாத் திருத்திக்குவாரு. பாவம், எத்தனை நல்ல பாட்டக் கெடுத்தாரோ!"

அதுவரை அழாதிருந்த டீச்சர் அப்போது அழுதார். சிரித்தும் விட்டார். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது.

நான் எழுந்தபோது டீச்சர் கிடாரை எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைகளை அழுத்தாமல் வெறுமனே தடவினாலே ஒரு முழுச் சுருதி வருகிற மாதிரிதான் சார் அதை எப்போதும் கூட்டி வைத்திருப்பார். டீச்சர் அதன் பித்தளை உடம்பில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு, கம்பிகளின்மேல் ஒருமுறை கையை இழுத்தார். அதிர்வு அடங்கும்வரை கண்ணை மூடி அசையாமல் இருந்தார். அடங்கியதும் மறுபடி இழுத்தார்.

நான் படியிறங்கி நடந்தேன். வாசலில் கேட்டது. பந்தலைத் தாண்டியும் கேட்டது. சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. தெருமுனை திரும்பும்வரை அது தனியாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

நல்ல கிடார், சார். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். நிம்மதியாகப் போய்வாருங்கள்.